முந்தே ஹோகி!

பெங்களூருக்குப் பிழைக்க வரும் தமிழன் முதலில் கற்றுக்கொள்ளும் கன்னடம் "கன்னட கொத்தில்லா" என்று சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவனைக் கேட்டால் வேறு பதில் வரும். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி!" பிஎம்டிசி கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தும் இந்த இரண்டு வார்த்தைக்கு அகராதி வேண்டாம். நம்மூர் "முன்னாடி போங்க சார்"தான். படிக்கட்டில் தொங்குகிறவன் உள்ளே வரணும்னா, உள்ளே நிற்கிறவன் ரெண்டடி நகரணும். அவ்வளவுதான் விஷயம்.

என்னைக் கேட்டால் முன்னேற்றம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. முன்னால் நிற்கிறவன் எவ்வளவு தூரம் முன்னால் போனான் என்பது கணக்கே இல்லை. வாசலில் தொங்கியவன் உள்ளே வந்தானா இல்லையா என்பதுதான் கணக்கு. ஆனால் இந்த ஊரில் கோடிக்கணக்கில் காசு போட்டுக் கட்டுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

உதாரணத்துக்கு ஓசூர் ரோடு. 2010 ஜனவரியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையைத் திறந்தார்கள். ஏறக்குறைய 10 கிலோமீட்டர், சிக்னல் கிடையாது, டோல் உண்டு. காசைக் கட்டினால் பறக்கலாம். பொட்டி தட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பறந்து வந்து எங்கே இறங்குகிறோம்? சில்க் போர்டு பக்கம். மேலே மிச்சம் பிடித்த நிமிடங்களைக் கீழே சிக்னலில் வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம். பாலம் நெரிசலைத் தீர்க்கவில்லை, பத்து கிலோமீட்டர் நகர்த்தி வைத்தது. பாலத்துக்குக் கீழே அதே பழைய ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸுக்கும், ரோட்டைக் கடக்க நிற்கும் கார்மென்ட்ஸ் கம்பெனி அக்காவுக்கும் இந்த வேகத்தில் பங்கு கிடையாது.

இது ஏதோ ஒரு பாலத்தின் கதை என்றால் விட்டுவிடலாம். ஊர் மொத்தத்துக்கும் இதே கதைதான். பெங்களூரில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கை 2023-ல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. பத்து வருஷம் முன்னால் ஏறக்குறைய அதில் பாதி. அந்தப் பத்து வருஷமும் பிஎம்டிசி பஸ்கள் என்னவோ ஆறாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றுகொண்டிருந்தன. ஆளுக்கொரு வண்டி வாங்கியதை வளர்ச்சி என்றார்கள். எல்லா வண்டியும் ஒரே ரோட்டுக்கு வந்தபோது அதை டிராஃபிக் என்றார்கள். ரெண்டும் ஒன்றுதானே அண்ணாச்சி?

சரி, மெட்ரோ வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, சந்தோஷம். ஆனால் அது வந்த கதையையும் கேளுங்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம். 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2014-ல். மக்களுக்காக ஓட ஆரம்பித்தது 2025 ஆகஸ்டில். தூணும் தண்டவாளமும் தயாரான பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்? ரயில் பெட்டி இல்லை! சீனக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்து, அது தாமதமாகி, கொல்கத்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி செய்வதாக ஏற்பாடாகி, முதல் ரயில் கப்பலேறி வந்து சேர்ந்ததே 2024 பிப்ரவரியில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரயில் டிரைவரே இல்லாமல் ஓடக்கூடிய தொழில்நுட்பம் கொண்டது. திறப்பு விழாவன்று கையில் இருந்ததோ மூன்றே மூன்று ரயில். 25 நிமிடத்துக்கு ஒன்று. தானாக ஓடத் தெரிந்த ரயிலுக்காகப் பிளாட்ஃபாரத்தில் ஜனங்கள் தேவுடு காத்தார்கள். :-) பிறகு ஒவ்வொரு ரயிலாக வந்து சேர, இடைவெளி குறைந்தது. ரயிலின் அறிவைக் காட்டிலும் அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுதான் காத்திருக்கிறவனுக்கு முக்கியம் என்பது, ஏனோ திட்டம் போடும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

அதே வருஷம் பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தையும் ஏற்றினார்கள். அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆனது. எனக்கும் உங்களுக்கும் அது ஒரு காபி காசு. அபார்ட்மென்டில் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குப் போக வர 180 என்றால் அந்த ரயில் அவருக்காக ஓடவில்லை என்றுதான் அர்த்தம். அவரை நகர்த்தியது 2023 ஜூனில் வந்த சக்தி திட்டம், அதாவது பெண்களுக்கு சாதா பஸ்ஸில் இலவசப் பயணம். நம்மூரில் 2021-லேயே டவுன் பஸ்ஸில் இது வந்தாச்சு. ஓசி டிக்கெட் என்று கிண்டல் செய்கிறவர்களைக் கேட்கிறேன்: முன்பு நடந்து போகிற தூரத்தில் மட்டும் வேலை தேடியவர், இன்று நாலு ஏரியா தள்ளி நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் வீட்டுக்குப் போக முடிகிறது. அது முன்னேற்றம் இல்லையா? (கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும் என்பதால், பிழைக்க வந்த நம்மூர்ப் பெண்கள் பலர் இதற்கும் வெளியேதான் நிற்கிறார்கள் என்பது தனி சோகம்.)

ஊருக்குப் போகும் ரயிலையே பாருங்களேன். 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத், சென்னை பெங்களூர் தூரத்தை நாலரை மணி நேரத்துக்குள் கடக்கிறது. தொடங்கியபோது நடுவில் காட்பாடியில் மட்டும்தான் நின்றது. 1964-ல் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸோ இன்றைக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உருட்டுகிறது. காரணம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, குப்பம், பங்காருப்பேட்டை என்று நின்று நின்று போகிறது. நாம் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு நிறுத்தமும் அங்கே ஏறுகிறவனுக்கு ரயில் வந்த நேரம். வேகமான ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெண்டும் வேண்டும். ஆனால் கொடியசைப்பும் தலைப்புச் செய்தியும் நிற்காத ரயிலுக்கு மட்டும்தானே கிடைக்கிறது?

வேகத்துக்கும் முன்னேற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நிரூபிக்க நான் எங்கும் போக வேண்டாம், புதுக்கோட்டை போதும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசிய ஆண்களுக்கும் பஞ்சமில்லை. சைக்கிள் அப்போது ஒன்றும் புது மெஷின் இல்லை, நூறு வருஷப் பழசு. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். ஆனால் தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றவர்கள் தாங்களே கிளம்பினார்கள். எட்டு வழிச் சாலை எதுவும் அத்தனை பேரை அவ்வளவு தூரம் நகர்த்தியதாக எனக்குத் தெரியவில்லை.

"அப்போ பாலமே வேண்டாம், எல்லாரும் சைக்கிள் மிதிக்கணும்கிறியா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை சாமி. பாலம் தேவைப்படும் இடத்தில் கட்டட்டும். ஆனால் கேள்வி கேட்கிறவனை வளர்ச்சிக்கு எதிரி என்று முத்திரை குத்தாதீர்கள். 2016 அக்டோபரில் பசவேஸ்வரா சர்க்கிள் முதல் ஹெப்பாள் வரையிலான இரும்புப் பாலத்தை எதிர்த்து இந்த ஊர் ஜனங்கள் கைகோர்த்து நின்றார்கள். 6.7 கிலோமீட்டருக்கு 800-க்கும் மேற்பட்ட மரங்கள் போகவிருந்தன. 2017 மார்ச்சில் அரசே அதைக் கைவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. இப்போது அதே ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்கு 2025-ல் டெண்டர் விட்டார்கள். மதிப்பீடு 17,000 கோடிக்கும் மேல். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் கார் எங்கே வந்து நிற்கும்? நமக்கெல்லாம் மனப்பாடமான அதே சில்க் போர்டில்தான்!

செலவில்லாத வைத்தியமும் இதே ரோட்டில் நடந்திருக்கிறது. 2019-ல் சில்க் போர்டு முதல் கே.ஆர். புரம் வரை ரிங் ரோட்டில் ஒரு லேனை பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். கட்டை நட்டது ஒன்றுதான் கட்டுமான வேலை. பஸ் நகர்ந்தது. பக்கத்தில் காரில் தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியே அதைப் பொறாமையோடு பார்த்தார்கள். பிறகு மெட்ரோ வேலைக்காக அந்த லேன் காணாமல் போனது.

மெட்ரோ வேலை முடிந்து ரோட்டைத் திருப்பிப் போடும்போது அந்த லேனும் திரும்ப வருமா என்று இப்போதே கேட்டு வைப்போம். வெள்ளை டாப்பிங், சுரங்கம், ஸ்கைவாக் என்று எதை அறிவித்தாலும் நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்றுதான். பொம்மசந்திராவில் ஷிஃப்ட் முடித்து ஓசூருக்குப் போகிறவரும், நாலு வீட்டு வேலை முடித்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அம்மாவும், இது வந்தால் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்? இப்போதைவிட அரை மணி முன்னதாக என்று பதில் வந்தால் தாராளமாகக் கட்டுங்கள். என் வரிப் பணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால், பிரச்சினை திட்டத்தில்தான், கேட்ட ஆளிடம் இல்லை.