சராசரியை நம்பிக் குட்டை வெட்டாதீர்கள்

கொல்லிமலையில் சாமை விதைப்பவரிடம், "இந்த வருஷம் மழை எவ்வளவு பெய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார். படித்த நாம்தான் சராசரி என்று ஒரு எண்ணை எழுதி, அதன்மேல் திட்டம் போடுகிறோம். அது தப்பு.

சின்னக் கணக்கு ஒன்று. உங்கள் பண்ணைக் குட்டை 100 லோடு தண்ணீர் பிடிக்கும் என்று வையுங்கள். நல்ல வருஷம் 150 லோடு வரும். கெட்ட வருஷம் 50. இரண்டுக்கும் சம வாய்ப்பு. சராசரி 100, குட்டை நிறைந்துவிடும் என்று எழுதிவிடுவோம். நடப்பது என்ன? 150 வந்தாலும் 50 வழிந்தோடி 100தான் நிற்கும். கெட்ட வருஷம் 50தான். ஆக, உண்மையான சராசரி 75. மீதி 25 லோடு காகிதத்தில் மட்டுமே இருந்தது!

'ஆர்' என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதற்கு வழி உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய மொழி அது. அதற்கான 'போஸ்டீரியர்' என்ற தொகுப்பில் 'ஆர்வார்' என்று ஒரு வகை. 'தண்ணீர்' என்று பெயர் வைத்தால், அதற்குள் இருப்பது ஒரு எண் அல்ல. வரக்கூடிய அளவுகள், 4000 என்று வையுங்கள், அத்தனையும் இருக்கும். மூன்று குட்டைகளில் இரண்டாவதை மட்டும் வரிசை எண் சொல்லிக் கேட்டால், அதன் 4000 அளவுகளும் சேர்ந்தே வரும். "100-ஐத் தாண்டியதை 100 ஆக்கு" என்றால், தாண்டியவை மட்டும் மாறும். சராசரி கடைசியில்தான்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். தாண்டியவற்றைத் திருத்துவது வேறு, தூக்கி எறிவது வேறு. எறிந்தால் நல்ல வருஷமே கணக்கில் இருக்காது. முதல் குட்டையின் 17-வது அளவும் இரண்டாவதன் 17-வது அளவும் ஒரே மழையில் வந்தவை. தனித்தனியே கலைத்துப் போட்டால், ஒன்று காயும்போது மற்றது நிறையும் என்று பொய்க் கணக்கு வரும்.

"ஒரு எண் சொன்னால்தானே எல்லோருக்கும் புரியும்?" என்பார்கள். சொல்லுங்கள், கணக்கெல்லாம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

நம் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இடமும் வலமும் திரும்புவதைச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய நேர்சாலைதான் வரும். அதை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிப்பீர்களா?