அஞ்சறைப் பெட்டியும் ஆஸ்பத்திரியும்

சென்ற மாதம் கீழத்தஞ்சைக் கிராமம் ஒன்றில் கிளைக் கூட்டம். கூட்டம் முடிந்து ஒரு விவசாயத் தொழிலாளித் தோழரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தோழர் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்து காட்டினார்.

"இதைப் பாருங்க தோழர். உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வருமாம். சுத்தமான இயற்கை மருந்து. 450 ரூபாய்" என்றார்.

பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை உரக்கப் படித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி, நிலவேம்பு, அதிமதுரம் என்று எழுதியிருந்தது. வாசலில் அரிசி புடைத்துக் கொண்டிருந்த தோழரின் தாயார் சிரித்து விட்டார்.

"ஏன் தம்பி, இதுல பாதி நம்ம அஞ்சறைப் பெட்டியிலே இருக்கு. மீதி கொல்லையிலே இருக்கு. இதுக்கா இவன் மூணு வாரமா சேர்த்த பணத்தைக் கொண்டு போய்க் கொட்டினான்?"

தோழர் தலையைக் குனிந்து கொண்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையிலிருந்து இரவு வரை டெலிவிஷனிலும் கைபேசியிலும் இதே விளம்பரம். உடம்பு ஒன்றே மூலதனமாக உள்ளவனுக்கு, உடம்பு படுத்து விடுமோ என்ற பயம்தான் பெரிய பயம். அந்தப் பயத்தைத்தான் விலை பேசுகிறார்கள்.

வீட்டில் கை மருந்து வைத்துக் கொள்வது பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பாட்டி வைத்தியம் அத்தனையும் மூட நம்பிக்கை, தூக்கி எறிய வேண்டியது என்று சிலர் சொல்கிறார்கள். இங்கிலீஷ் மருந்து அத்தனையும் விஷம், பச்சிலையே போதும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் தவறு என்பது என் அபிப்பிராயம். ஏன் தவறு என்பதைச் சொல்கிறேன்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் இருக்கட்டும். சுக்கின் மேல்தோலைச் சீவி, தட்டிப் போட்டு, மிளகும் பனைவெல்லமும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஜலதோஷத்துக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இதமான கஷாயம். குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பதை நவீன சோதனைகளும் ஒப்புக் கொண்டிருக்கின்றன. ஓமம் இருக்கட்டும், வயிற்று உப்புசத்துக்கு ஆகும். கிராம்பு இருக்கட்டும். பல் டாக்டர்கள் இன்றும் உபயோகிக்கும் யூஜினால் என்ற மருந்து கிராம்புத் தைலத்தின் சத்துதான். தேன் இருக்கட்டும், இருமலுக்கு இரவில் ஒரு கரண்டி கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேனைத் தடவவே கூடாது. கொடிய ஒரு நோயின் கிருமி தேனில் இருக்கக் கூடும். பெரியவர்கள் உடம்பு அதைத் தாங்கும். பச்சிளம் குழந்தையின் குடல் தாங்காது.

மஞ்சளைத் தூளாக வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்க்கும் கயவர்கள் இருக்கிறார்கள். கிழங்காக வாங்கி, வெயிலில் காய வைத்து, அரைத்துக் கொள்ளுங்கள். எதையும் ஈரமில்லாத டப்பாவில் போட்டு, வாங்கிய மாதத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பூச்சி அரித்ததும் பூசணம் பிடித்ததும் மருந்தல்ல, குப்பை.

கொல்லையில் நாலடி மண் இருந்தால் துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை வளர்க்கலாம். மருந்துக் கடையில் சளியை இளக்கக் கொடுக்கிறார்களே புரோம்ஹெக்சின் என்ற மாத்திரை, அது ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்தை மூலமாக வைத்துச் செய்யப்பட்டது. நம் வேலியோரத்துச் செடிதான் அந்த மாத்திரைக்குத் தாய். ஆனால் அதே ஆடாதோடை கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் சக்தி உள்ளது. ஆகவே கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. பச்சிலை என்றால் கெடுதலே செய்யாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குணம் செய்யும் சக்தி எதற்கு உண்டோ, அதற்குக் கெடுதல் செய்யும் சக்தியும் உண்டு.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியனுக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்பது பழமொழி. பின்பாதியைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம். முன்பாதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த அறிவு யாருடையது?

காயத்தை ஆற்ற மஞ்சளை உபயோகிக்கும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக் கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்து வந்த காரியத்துக்குப் புதிய கண்டுபிடிப்பு என்று பெயர்! நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடியது. பழைய வைத்திய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையையும் ஆதாரமாகக் காட்டியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று. வேப்பெண்ணெய்க்கும் இதே கதை. அமெரிக்க விவசாய இலாகாவும் ஒரு பெரிய கம்பெனியும் 1994-ல் ஐரோப்பாவில் வாங்கிய காப்புரிமை 2000-ல் ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று.

ஆக, இந்த அறிவு ஜனங்களின் சொத்து. அதைத் தூக்கி எறியச் சொல்பவர்கள், வேறு எவனோ பொறுக்கி எடுத்துக் கொண்டு போவதற்கு வழி விடுகிறார்கள்.

ஆனால் பழையது என்பதாலேயே ஒன்று உண்மையாகி விடாது. சீனத்து விஞ்ஞானி தூ யூயூ அம்மையாரின் கதை இதற்கு நல்ல பாடம். வியத்நாம் போர்க்காலத்தில் காட்டில் குண்டுக்கு மடிந்தவர்களோடு மலேரியாவுக்கு மடிந்தவர்களும் ஏராளம். வியத்நாம் கேட்டுக் கொண்டதன் பேரில் சீனா 1967-ல் ஒரு ரகசிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1969-ல் தூ யூயூ அதில் சேர்ந்தார். பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். நாட்டு வைத்தியர்களைக் கண்டு குறிப்பெடுத்தார். ஒரு வகை மாசிப் பச்சை இனத்துச் செடி கண்ணில் பட்டது. காய்ச்சி வடித்தால் பலன் நிற்கவில்லை. நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில், அந்தத் தழையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடி என்றுதான் இருந்தது. கொதிக்க வை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்கு அப்போது பட்டது. குறைந்த சூட்டில் சத்தைப் பிரித்தார். 1971-ல் பிராணிகளிடம் வெற்றி. 1972-ல் தானே முதலில் உட்கொண்டு பார்த்தார். அந்த மருந்துதான் ஆர்டிமிசினின். லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது எதைக் காட்டுகிறது? பழைய நூலை அவர் கும்பிடவும் இல்லை, கொளுத்தவும் இல்லை, சோதித்துப் பார்த்தார். தேறியதை வைத்துக் கொண்டார், தேறாததைத் தள்ளினார். நாம் கைக்கொள்ள வேண்டிய வழியும் அதுதான்.

என் தங்கை

சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1987-ல் எனக்கு எட்டு வயது. என் தங்கைக்கு இரண்டு வயது. கோடையில் அவளுக்குப் பேதி கண்டது. என் பாட்டி கைராசிக்காரர் என்று நாலு தெருவும் பேர் சொல்லும். ஓமத்தை வறுத்துக் கஷாயம் போட்டார். மாதுளம் ஓட்டை அரைத்துக் கொடுத்தார். கூடவே, தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று தண்ணீரை நிறுத்தினார். தங்கை தண்ணீர் கேட்டு அழுதாள். பிறகு அழக் கண்ணீர் இல்லை. கண் உள்ளே போயிற்று. அப்பா தூக்கிக் கொண்டு துணைச் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். பூட்டியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் வரும் முன்பே எல்லாம் முடிந்தது.

பாட்டி அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். யாருக்கும் கஷாயம் போட்டுக் கொடுத்ததில்லை.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஏன் தெரியுமா? அதற்கு 16 வருஷங்களுக்கு முன்பே, 1971-ல், மேற்கு வங்காளத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் வழி காட்டி விட்டார். நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போன நிலையில், உப்பும் குளுகோஸும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை அகதிகளின் உற்றார் உறவினரைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக் கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. உலகமே அந்த முறையை ஏற்றது. போன்காவிலிருந்து உலகத்துக்குப் போன விஷயம் எங்கள் தெருவுக்கு 16 வருஷமாக வந்து சேரவில்லை. குற்றம் பாட்டியினுடையதா?

ஆகவே தாய்மார்களுக்குச் சொல்கிறேன். அஞ்சறைப் பெட்டியில் தலைசிறந்த மருந்து சுக்கு அல்ல, உப்பும் சர்க்கரையும்தான். பேதி கண்டால், காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, வாய் வாயாகக் கொடுத்துக் கொண்டே இருங்கள். உப்பு கூடினால் ஆபத்து. அளவு தவறக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சர்க்கார் நிலையத்தில் உப்புக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் இலவசம். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். இரண்டு பொட்டலங்களை வாங்கிப் பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள். குழந்தை சோர்ந்தாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

எல்லை எங்கே?

பெட்டிக்கு ஓர் எல்லை உண்டு. அதை மூடியின் உள்புறம் எழுதி ஒட்ட வேண்டும்.

பாம்பு கடித்தால் பச்சிலை கிடையாது. விஷமுறிவு ஊசி ஒன்றே மருந்து. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு விஷத்தை எடுத்துத் தருகிறார்கள். அதிலிருந்து ஊசி மருந்து தயாராகிறது. பாம்பையும் பச்சிலையையும் அவர்களை விட அறிந்தவர்கள் யார்? அவர்களே விஷத்தை ஊசி மருந்துக்குக் கொடுக்கிறார்கள் என்றால் நாம் மந்திரிக்க ஓடலாமா?

நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத் தடுப்பூசிக்குப் போக வேண்டும். தீக்காயத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆடாதோடை குடித்துக் கொண்டிருப்பது காச நோயைப் பொத்தி வளர்ப்பதாகும். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மஞ்சள் காமாலை, மூன்று நாள் தாண்டிய காய்ச்சல் எதுவும் பெட்டியின் வேலை அல்ல. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையை எவன் பேச்சைக் கேட்டும் நிறுத்தக் கூடாது. கற்பூரத்தைக் குழந்தைக்கு உள்ளே கொடுக்கவே கூடாது. பெயர் தெரியாதவன் விற்கும் பஸ்பத்தையும் செந்தூரத்தையும் வாங்கக் கூடாது. முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த வைத்தியர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள்.

கம்பெனியும் சர்க்காரும்

இன்ன நோயைத் தீர்ப்போம் என்று பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. 2024-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் ஒரு பெரிய ஆயுர்வேதக் கம்பெனி பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் வெளியிட்டது. நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுக்க முடியாதா? முடியும். வைத்தியர்களே கூடி 1944-ல் அமைத்த இம்ப்காப்ஸ் கூட்டுறவு திருவான்மியூரில் இருக்கிறது. 1983-ல் சர்க்கார் தொடங்கிய டாம்ப்கால் இருக்கிறது. இவற்றின் சரக்கு ஒவ்வொரு ரேஷன் கடையிலும் கிடைக்கச் செய்தால் 450 ரூபாய் பாட்டிலை யார் தொடுவார்கள்?

2012-லும் 2017-லும் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் வழங்கினார்கள். வழங்கியது தவறல்ல. ஆனால் டெங்குவைப் பரப்புவது கொசு. குடிநீர்த் தொட்டியை மூடாமல், தேங்கிய நீரை வடிக்காமல், கஷாயக் குவளையை நீட்டிப் படம் எடுத்துக் கொள்வது வைத்தியம் ஆகாது. இயற்கை மருந்தின் பெருமையைப் பேசி, இருக்க வேண்டிய டாக்டரையும் நர்ஸையும் மருந்தையும் இல்லாமல் செய்தால், அதை நாம் ஒப்புக் கொள்ள முடியாது.

ஆகவே தோழர்களே, ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். மாதர் சங்கத் தோழியர்களும் கிராம நர்ஸும் மூதாட்டிகளும் ஒன்றாக உட்காரட்டும். மூதாட்டிகளுக்குத் தெரிந்ததை நர்ஸ் கேட்கட்டும். நர்ஸுக்குத் தெரிந்ததை மூதாட்டிகள் கேட்கட்டும். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஒவ்வொரு பெண்ணும் தன் கையால் அளந்து கரைத்துப் பழகட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து நடந்து போய்த் துணைச் சுகாதார நிலையத்தின் கதவைப் பாருங்கள். திறந்திருந்தால் நல்லது. பூட்டியிருந்தால் திறக்கும் வரை அங்கேயே உட்காருங்கள்.

அஞ்சறைப் பெட்டியை நிரப்புவது நம் வேலை. அந்தக் கதவைத் திறந்து வைப்பது சர்க்காரின் வேலை. இரண்டில் ஒன்று தவறினாலும் சாவது குழந்தைதான்.