பாஸ்போர்ட்டும் இல்லை, பெத்தவங்களும் இல்லை... தனியா வரும் அகதிச் சிறுவர்களுக்கு சட்டம் கை கொடுக்குமா?

திருவண்ணாமலை:

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாஸ்போர்ட், விசாவோடு வருகிறார்கள். ரூம் கொடுப்பவர் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னால் வேலை முடிந்தது.

ஆனால் அகதியாக ஒரு சிறுவன், கையில் எந்தப் பேப்பரும் இல்லாமல், தனியாக வந்து நின்றால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து படகு படகாக மக்கள் வந்தனர். இயக்கத்தில் பிடித்துப் போய்விடுவார்களோ என்று பயந்து, பிள்ளைகளை மட்டும் ஊரை விட்டு அனுப்பிய பெற்றோரும் உண்டு. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் மறுபடியும் தனுஷ்கோடிக்குப் படகுகள் வந்தன. கைக்குழந்தைகளும் அதில் இருந்தனர்.

அகதிச் சட்டமே கிடையாது

அகதிகளுக்கான 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. தனிச் சட்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு மட்டும் தண்டனையில் இருந்து விலக்கு தரப்பட்டது. 2022-ல் வந்த குழந்தைக்கு அந்த விலக்கு இல்லை!

கை கொடுக்கும் சட்டம்

இந்த இடத்தில்தான் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் உதவிக்கு வருகிறது. ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தையும் இதன்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைதான். 18 வயதுக்குள் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன்பு நிறுத்த வேண்டும். ஸ்டேஷனிலோ, லாக்கப்பிலோ வைக்கக்கூடாது. இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், தனியாக வரும் அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பு தரச் சொல்கிறது.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் வயது. பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று இல்லாவிட்டால் மருத்துவப் பரிசோதனைதான். 17 வயதுப் பையனை 19 என்று எழுதிவிட்டால் கதை மாறிவிடும். காப்பகத்துக்குப் போக வேண்டியவன் வெளிநாட்டினர் சட்டத்தில் குற்றவாளியாக நிற்பான்.

அடுத்தது 18 வயது ஆன பிறகு. காப்பகத்தை விட்டு வெளியே வருபவனுக்கு எந்த நாட்டு அடையாளமும் இருக்காது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. படிச்சாலும் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது. சோறும் படுக்கையும் கொடுக்கிற சட்டம், எதிர்காலத்தைக் கொடுக்காமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் நலக்குழு விசாரணை நடக்கும்போதே வக்கீல் உதவியும், அகதிப் பதிவும் கிடைத்தால்தான் அந்தப் பிள்ளை தப்பிக்கும்.

பொதுமக்கள் கவனத்துக்கு

'நமக்கு எதுக்கு வம்பு' என்று ஒதுங்கவும் கூடாது. தனியாகத் தவிக்கும் குழந்தையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்தவர் தகவல் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

1896-ல் ரமணர் மதுரையில் இருந்து வீட்டை விட்டு இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 16. தன்னந்தனியாக வந்த அந்தச் சிறுவனுக்குச் சோறு போட்ட ஊர் இது. இனி வரும் பிள்ளைக்கு சோறு மட்டும் போதாது, சட்டமும் துணை நிற்க வேண்டும்.