வேரோடு சிறிது மண்



சென்ற ஆண்டு சித்திரையில் போதகர் இல்லத்தின் பின்புறம் பந்தலிட்டுக் கொடி அவரை விதைத்தேன். கிணற்றில் நீர் இருந்தது. முன்னதாக விதைத்தால் முன்னதாகக் காய்க்கும் என்று எண்ணினேன். கொடி பந்தலை மூடியது. ஆனி கழிந்தது, ஆடி கழிந்தது, ஒரு பூவும் இல்லை. சபையின் மூத்த தாயார் ஒருவர் பந்தலை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "அவசரப்பட்டுட்டீங்க அய்யா. சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும், இது பூக்கறது ஐப்பசிக்குத்தான்."

அவர் சொன்னது அறிவியலும் ஒப்புக்கொள்ளும் உண்மை. நம் நாட்டுக் கொடி அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். சேந்தமங்கலத்தில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. நாம் அதைக் கவனிப்பதில்லை, அவரை கவனிக்கிறது. ஆகவேதான் நம் முன்னோர் ஆடிப்பட்டத்தைத் தேடினார்கள். ஆடியில் விதைத்தால், பகல் குறுகுமுன் கொடி பூவைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். தைப் பொங்கலுக்குக் காய் வீட்டுக்கு வரும். மிகவும் தாமதித்தாலோ, பூக்கும் நாள் வந்தபோது கொடிக்கு உடல் இராது. குளிர்நாடுகளில் உறைபனி நீங்கும் நாளைப் பார்த்து அவரைக் கன்றுகளை வெளியே நடுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை. வெயிலும் மழையும் பகலின் நீளமுமே நம் நாட்காட்டி.

இன்னொன்றும் உண்டு. கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடலாம். ஓரிரு நாள் வாடி, பின்பு தலைநிமிரும். அவரைக்கு அது ஒவ்வாது. அதன் வேர் அசைக்கப்படுவதை விரும்பாது. நிலத்திலேயே விதைப்பது நலம். பையில் முளைக்க வைத்தால், வேர் சுருளுமுன், இளங்கன்றாயிருக்கும்போதே, மண்கட்டி உடையாமல் மாலை வேளையில் இறக்கி வைக்க வேண்டும். கன்றோடு அதன் மண்ணும் போக வேண்டும்.

இதை எழுதும்போது என் மகனை நினைக்கிறேன். போதகனுக்கு இடமாற்றங்கள் அதிகம். அவன் படிப்பு கெடக்கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே அவனை விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தேன். ஞாயிறு மாலையில் பத்து நிமிடம் தொலைபேசியில் பேச அனுமதி. அவன் வீட்டு நாயைப் பற்றிக் கேட்பான். நான் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பேன். இரண்டாம் ஆண்டில் அவன் நாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். பக்குவம் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். வாடுவதை வளர்ச்சி என்று எண்ணினேன்.

விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை நாமக்கல்லுக்கு அழைத்து வருகிறார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பிளஸ் டூ பாடத்தை ஈராண்டு படிக்கவைத்த காலத்தை நாம் அறிவோம். இப்போது நீட் பயிற்சி அதனினும் முன்னதாகத் தொடங்குகிறது. பள்ளிகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் தகப்பனின் கண்ணீரையும் அறிவேன். ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்லுவேன்: சித்திரையில் விதைப்பதால் அவரை சித்திரையிலேயே பூப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இனமும் அல்ல. பருவம் பாராமல் காய்க்கும் செடி அவரையும் உண்டு. அதைப் பார்த்துக் கொடி அவரையைக் கடிந்துகொள்வது நீதியன்று.

வேதத்தில் அன்னாளைப் பாருங்கள். சாமுவேலைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணியவள் அவள். ஆயினும் மறு வருஷமே சீலோவுக்குப் புறப்பட்டுவிடவில்லை. பிள்ளை பால்மறக்குமட்டும் வீட்டிலே இருப்பேன் என்று கணவனிடம் சொன்னாள், எல்க்கானாவும் இசைந்தான். தேவனுக்குக் கொடுக்கும் காணிக்கைக்கும் அவள் காலம் பார்த்தாள்! காலம் வந்தபோது பிடித்துவைத்துக்கொள்ளவும் இல்லை. அதன்பின் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிற்குள் அளந்து தைத்த சட்டை அது. சாமுவேலின் வேரோடு போன மண் அதுவே என்பேன்.

நம் கண்ணெதிரே நிற்கும் கொல்லிமலையிலும் ஒரு சாட்சி உண்டு. அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியருக்கு 1914 ஜூலையில் பிறந்தவர் பால் பிராண்ட். 1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காக அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தகப்பன் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். மகன் அவர் முகத்தை மறுபடியும் காணவில்லை. அந்த இழப்பை இலகுவாகப் பேசலாகாது. ஆனால் கடல் கடந்தும் தகப்பனின் கடிதங்கள் அந்தப் பிள்ளையைத் தேடிச் சென்றன. மலையின் மரங்களையும் பூச்சிகளையும் பற்றிய கடிதங்கள். மரணச் செய்தி போய்ச் சேர்ந்த பின்பும் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. 1946-இல் பால் பிராண்ட் மருத்துவராக இந்தியாவுக்குத் திரும்பினார். வேலூரில், தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார். தாய் எவலினோ, ஓய்வுபெறும் வயதிற்குப் பின்னும் இம்மலைகளை விட்டு அகலாமல் ஊழியம் செய்து, 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் மரித்தார்.

அந்தக் கடிதங்களை நினைக்கும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. அவர் கடலுக்கு அப்பாலிருந்த மகனுக்குப் பூச்சிகளைப் பற்றி எழுதினார். நான் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த மகனிடம் நாயைப் பற்றிப் பேசவில்லை.

பெற்றோரே, இந்த ஆண்டு பிள்ளையை அனுப்பலாமா என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நாள் குறிக்காதிருங்கள். உங்கள் பிள்ளையைப் பாருங்கள். காத்திருக்க முடியுமானால் காத்திருங்கள். அனுப்பியே தீரவேண்டுமானால், மண்கட்டியோடு அனுப்புங்கள்: மதிப்பெண்ணைக் கேட்குமுன் அவன் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

என் மகன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். சென்ற கார்த்திகையில் பந்தலின் முதல் பூக்கொத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "நாய் எப்படி இருக்கிறது, அப்பா?" அது இறந்து மூன்று ஆண்டுகளாகிவிட்டதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. அன்றிரவு அவனை அழைத்து, ஒரு மணி நேரம் நாயைப் பற்றிப் பேசினேன்.

காலங்களைத் தமது கரத்தில் வைத்திருக்கிற கர்த்தர், காலம் தப்பி நட்டவர்களின் பந்தலையும் பூக்கச் செய்வாராக. ஆமென்.