மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்: போடலாம், ஆனா பாதியில விடாதேங்கோ

போன மாசம் மச்சான்ர மொறிஸ் மைனரில யாழ்ப்பாணத்திலயிருந்து கிளிநொச்சிக்குப் போனம். மச்சான் ஓட்டம், பக்கத்தில நான், பின் சீற்றில என்ர மகள். பளை தாண்டேக்க ஏதோ கருகிற மணம் வந்தது. "ஆரோ குப்பை கொளுத்துறாங்கள்" எண்டார் மச்சான். ரெண்டு நிமிசத்தால, முன்னால போன பஸ் ஆளை இறக்க நிண்டது. மச்சான் பிறேக்கை மிதிச்சார். பெடல் பஞ்சு மாதிரிப் போய்த் தரையில முட்டிச்சுது. கியரைக் குறைச்சு, ஹாண்ட்பிறேக்கை இழுத்து, றோட்டுக்கரை மண்ணுக்குள்ள இறக்கித்தான் கார் நிண்டது. பஸ்சுக்கும் எங்களுக்கும் நாலடி இருந்திருக்கும்.

மகள் அழேல்லை. வீட்ட வந்த பிறகுதான் சொன்னாள், "இனி மாமான்ர காரில வரமாட்டன்" எண்டு.

இதில பகிடி என்னெண்டால், அதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் அந்தக் காருக்குப் பிறேக்கை "முன்னேற்றி" இருந்தம். லண்டனில இருக்கிற மச்சான்ர தம்பி, உடைக்கப்போன மொறிஸ் மரினா ஒண்டின்ர முன் டிஸ்க், கலிப்பர் எல்லாத்தையும் கழட்டிக் கப்பல் பெட்டியில அனுப்பியிருந்தான். கராஜில பூட்டேக்க நானும் பக்கத்தில நிண்டு படம் பிடிச்சனான். அதால இந்தப் பதிவில ஆரையும் குற்றம் சொல்லிப்போட்டு நான் தப்ப ஏலாது.

பழங்கார்க்காரரில ரெண்டு கட்சி இருக்கு. முதல் கட்சி, "கம்பனி போட்டதைத் தொடாதே" எண்டுற கட்சி. மற்றது, "எதின்ர சாமானையும் எதிலயும் பூட்டலாம்" எண்டுற கட்சி. எங்கட ஊரில ரெண்டாவது கட்சிக்குத்தான் ஆள் கூட. காரணம் உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருக்கேக்க, சொட்டுப் பெற்றோலைக் காபறேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஒரு காரை ஓட வைக்க இன்னொரு காரை அறுத்த காலம். அந்தக் கைப்பக்குவத்தில எனக்கு இண்டைக்கும் பெருமைதான். ஆனா அண்டைக்கு அந்தக் கார்கள் ஓடின வேகம் என்ன, றோட்டில எதிர்ப்பட்ட வாகனம் எத்தினை? எஞ்சினில விட்ட பிழைக்குக் கார் நிண்டுபோகும். பிறேக்கில விட்ட பிழைக்குக் கார் நிக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் கட்சிக்கு என்ர மறுமொழி இது. அலெக் இசிகோனிஸ் வடிவமைச்ச மைனர் 1948இல வெளிவந்தது. 1962இல 1098 சிசி எஞ்சின் போடேக்க, கம்பனிக்காரனே முன் டிறம்மை 7 அங்குலத்திலயிருந்து 8 அங்குலமாக்கினவன். வேகம் கூடினா பிறேக் கூடவேணும் எண்டு கம்பனியே ஒத்துக்கொண்ட விசயம் அது. கணக்கும் சின்னக் கணக்குத்தான். ஆக்களோட சேர்த்து 900 கிலோ எண்டு வையுங்கோ. 40 கிலோமீற்றர் வேகத்தில அந்தக் காரை நிப்பாட்ட, ஏறக்குறைய 55 கிலோயூல் சக்தியைச் சூடாக்கி விடவேணும். 80இல 222. வேகம் ரெண்டு மடங்கெண்டா சூடு நாலு மடங்கு. இண்டைய ஏ9 றோட்டில 40இல போனா பின்னுக்கு வாற லொறிக்காரன் விடுவானோ? முன்னால போற வாகனம் ஏபிஎஸ் பிறேக்கோட சட்டெண்டு நிண்டா நாங்கள் என்ன செய்யிறது? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இல திரும்ப விடும்வரைக்கும், எத்தினையோ பழங்கார் கொட்டிலுக்குள்ளயிருந்து றோட்டுக்கு வந்தது. அதெல்லாம் கண்காட்சிக்கு வரேல்லை, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்த வந்தது. ஆகவே பிறேக்கை மாத்துறது பாவமில்லை எண்டதுதான் என்ர கட்சி. கழட்டின டிறம்மை எண்ணெய் பூசிப் பெட்டியில போட்டு வையுங்கோ, அவ்வளவுதான்.

மரினா நல்ல தெரிவுதான். 1971இல வந்த அந்தக் காரின்ர முன் சஸ்பென்சன் மைனரின்ர வழியில வந்தது. அதாலதான் இங்கிலாந்தில கனபேர் மரினாவை உடைச்சு மைனரை வளர்த்தவை. இண்டைக்கு அங்க மைனரைக் காணலாம், மரினாவைக் காணுறதுதான் அருமை :-) டிஸ்க் வேண்டாம் எண்டுறவைக்கு, மைனரின்ர அடித்தளத்திலயே செய்த வூல்ஸ்லி 1500இன்ர பெரிய டிறம்மும் பொருந்தும்.

அப்ப எங்களுக்கு என்ன பிழைச்சது?

டிறம் பிறேக்கில சூவை ஸ்பிறிங் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதால பழைய மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள ஒரு சின்ன வால்வு இருக்கு. காலை எடுத்த பிறகும் லைனில கொஞ்ச அழுத்தத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அதின்ர வேலை. டிஸ்க்கில இழுக்கிற ஸ்பிறிங் இல்லை. அந்த மிச்ச அழுத்தம் பாட்டை டிஸ்க்கோட அமத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் டிஸ்க்கை மாத்தினம், கலிப்பரை மாத்தினம், மாஸ்ரர் சிலிண்டரைத் தொடேல்லை. "அது ஒரிஜினல் அண்ணை, நல்லாத்தான் இருக்கு" எண்டாங்கள் கராஜில. நாங்களும் தலையாட்டினம்.

யாழ்ப்பாணத்திலயிருந்து பளை மட்டும் பாட் உரஞ்சிக்கொண்டே வந்திருக்கு. மலையே இல்லாத ஊரில பிறேக்கைச் சுட வைச்சம். அதோட லைனுக்குள்ள இருந்தது பழைய பிறேக் ஒயில். அது காத்திலயிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதுசில 205 பாகைக்கு மேலதான் கொதிக்கவேணும். ஈரம் ஏறின பிறகு 140 பாகையே அதுக்குரிய ஆகக்குறைந்த அளவு. ஒயில் கொதிச்சா ஆவி. ஆவி அமுங்கும். பெடல் தரைக்குப் போகும். கொடுமை என்னெண்டால், அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு பெடல் கல்லு மாதிரித் திரும்பி வந்தது. அப்ப ஆராவது மெக்கானிக் வந்து பார்த்திருந்தா "ஒண்டும் பிழையில்லையே" எண்டுதான் சொல்லியிருப்பான்.

இன்னுமொரு விசயம். டிஸ்க் போட்டவுடன "பெடல் இறுக்கமா இருக்கு, அப்ப நல்லாப் பிடிக்குது" எண்டு மச்சான் புளுகினவர். மைனரின்ர முன் டிறம்மில ரெண்டு சூவையும் சில்லின்ர சுழற்சியே உள்ளுக்கு இழுத்துக் குடுக்கும், காலுக்கு வேலை குறைவு. டிஸ்க்கில அந்த உதவி இல்லை. முழுப் பலத்தையும் உங்கட கால்தான் குடுக்கவேணும், இல்லாட்டிச் சேர்வோ குடுக்கவேணும். அவர் நல்ல பிறேக் எண்டு நினைச்சது உண்மையில கூடுதல் பாரம். சேர்வோ போட்டா அதுக்கும் ஒரு விலை இருக்கு. முழு லைனிலயும் அழுத்தம் கூடும், பின் சில்லு முதல் இறுகினா கார் சுத்திப்போடும். கடுகண்ணாவை இறக்கத்தில மழைக்குள்ள அதை நினைச்சுப் பாருங்கோ.

அதோட, இவ்வளவு செய்தும் மைனர் ஒற்றைச் சுற்றுக் கார்தான். ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சில்லும் போச்சு, ஹாண்ட்பிறேக் மட்டும்தான் மிச்சம். டிஸ்க் அதுக்கு மருந்தில்லை. ரெட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர்தான் மருந்து.

நான் சொல்ல வாறது சுருக்கமா இதுதான். வேற காரின்ர சாமான் போடுறதெண்டா, கண்ணுக்குத் தெரியிற சாமானை மட்டும் எடுக்காதேங்கோ. காலிலயிருந்து சில்லு மட்டும் ஒரு சங்கிலி அது. மாஸ்ரர் சிலிண்டர், வால்வு, சேர்வோ, பின் பிறேக், ஹோஸ் எல்லாத்தையும் சேர்த்து யோசியுங்கோ. பழைய காரிலயிருந்து இரும்பை எடுங்கோ, றப்பரை எடுக்காதேங்கோ. சீல், ஹோஸ், பாட், ஒயில் நாலும் புதுசா வாங்கவேணும். டிஸ்க்கின்ர தடிப்பை அளந்து பாருங்கோ, பிஸ்ரனில கறள் இருக்கோ எண்டு பாருங்கோ. பூட்டின பிறகு சில்லைத் தூக்கிக் கையால சுத்துங்கோ. பத்துக் கிலோமீற்றர் ஓடிப்போட்டு இறங்கி சில்லுக்குக் கிட்டக் கையைப் பிடியுங்கோ. நாங்கள் அந்தப் பத்துக் கிலோமீற்றரைச் செய்திருந்தா பளைக்குப் போயிருக்க மாட்டம். காப்புறுதிக்காரருக்கும் மாத்தினதை எழுதிக் குடுங்கோ.

இவ்வளவுக்கும் காசோ பொறுமையோ இல்லையெண்டா, டிறம்மோடயே இருங்கோ. புது சூ, புது சிலிண்டர், சரியான அட்ஜஸ்ற்மென்ற், புது ஒயில் இருக்கிற நல்ல டிறம், பாதி செய்த டிஸ்க்கை விட ஆயிரம் மடங்கு நல்லது. கொஞ்சம் மெதுவா ஓடினாச் சரி.

மச்சான்ர கார் இப்ப திரும்பக் கராஜில நிக்குது. ரெட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டருக்கு லண்டனுக்குச் சொல்லியிருக்கு. மகளைக் கேட்டன், இன்னும் "யோசிப்பம்" எண்டுதான் சொல்லுறாள்.

உங்கட வீட்டில மைனர் நிண்டா, இண்டைக்குப் பின்னேரம் ஒருக்கா சாரதி பக்கக் காப்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ. மாஸ்ரர் சிலிண்டர் அந்தத் தரைக்குக் கீழதான் ஒளிச்சிருக்கு. கண்ணுக்குப் படாததால கனபேர் ஒயில் பார்க்கிறதேயில்லை. பார்த்திட்டு வந்து என்ன நிறத்தில இருந்தது எண்டு பின்னூட்டத்தில சொல்லுங்கோ. கறுப்பெண்டா, காரை எடுக்காதேங்கோ.