மூன்றரைக் கட்டை எங்கே?

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடியதும் ஹைதராபாத் ஜெராக்ஸ் கடைகளுக்குப் புதிய வாடிக்கையாளர்கள் வந்து சேர்கிறார்கள். ஒரு கையில் செல்போன், மறு கையில் குழந்தை. வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. ஜூன் வரை பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைத்தாக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வண்ணம் தீட்டும் படங்களைச் செல்போனிலிருந்து கடைக்காரருக்கு அனுப்பினால், ஓரிரு ரூபாய்க்கு ஒரு தாள் வீதம் கையில் வந்துவிடும். யானை, மயில், சார்மினார். கூடவே பியானோ. ஆங்கில அரிச்சுவடியில் 'பி' எழுத்துக்குக் கிளியோடு போட்டி போடும் பொருள் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பியானோவில் வண்ணம் தீட்ட அதிகம் எதுவும் இல்லை. கட்டைகள் ஏற்கனவே கறுப்பும் வெள்ளையும்தான். ஆனால் கையில் கிரேயான் உள்ள நாலு வயதுப் பிள்ளை அதை ஒப்புக்கொள்ளாது. ஒரு கட்டை சிவப்பு, அடுத்தது பச்சை, அதற்கடுத்தது ஊதா. பெரியவர்கள் பதறத் தேவையில்லை. பியானோவுக்கு முந்தைய ஐரோப்பியக் கருவிகள் பலவற்றில் இன்றைய வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தன. 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் நியூட்டனே ஏழு நிறங்களை ஏழு சுரங்களோடு பொருத்திப் பார்த்தார். ரஷ்ய இசைமேதை ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த 'பிரமிதியஸ்' என்ற படைப்பில், வண்ண விளக்குகளை இயக்கும் ஒரு வாத்தியத்துக்கென்றே தனிப்பகுதி எழுதினார். நிறத்தில் பிள்ளை செய்யும் தவறு தவறே அல்ல.

தவறு படம் வரைந்தவருடையது. இப்படி இறக்கிக்கொள்ளும் பியானோ படங்கள் பலவற்றில் வெள்ளைக் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு இடைவெளியிலும் தவறாமல் ஒரு கறுப்புக் கட்டை. பார்க்க அழகான வேலி. பியானோ அப்படி இருப்பதில்லை. அதில் கறுப்புகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒரு ஸ்தாயிக்கு ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. மொத்தமுள்ள 88 கட்டைகளில் 52 வெள்ளை, 36 கறுப்பு.

இது வெறும் அலங்காரக் கணக்கு அல்ல. வெள்ளைக் கட்டைகள் எல்லாம் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. எது எந்தச் சுரம் என்று அடையாளம் காட்டுவது கறுப்புகளின் கூட்டம்தான். இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் வெள்ளைதான் பியானோ வகுப்பில் பிள்ளை முதலில் கற்கும் சுரம். எல்லா இடைவெளியிலும் கறுப்பை நிரப்பிவிட்டால், தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் எழுதியது போல ஆகிவிடும். வாசிக்கிறவர் எங்கே போய்க் கதவைத் தட்டுவார்?

இந்தப் பிழையை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் தமிழர்கள்தான். ஏனென்றால் சரியான வரைபடம் நம் பேச்சிலேயே இருக்கிறது. பாடகரின் சுருதியை 'ஒரு கட்டை', 'ஐந்து கட்டை' என்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டை. பியானோவின் அதே வரிசை. 1875இல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கையால் துருத்தி போடும் ஆர்மோனியத்தை உருவாக்கிய பிறகு அந்தப் பெட்டி நாடு முழுக்கப் பரவியது. தமிழ் நாடக மேடையிலும் ஏறியது. ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஐந்து கட்டையில் பாடிக் கடைசி வரிசைக்கும் கேட்கச் செய்தவர்கள் இருந்தார்கள். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்து, 1971இல்தான் கதவைச் சற்றே திறந்தது. அதற்குள் கட்டைக் கணக்கு மொழியில் ஊறிவிட்டது.

அந்தக் கணக்கில் வெள்ளைக்கு முழு எண், கறுப்புக்கு அரை. ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. பிறகு நேராக நான்கு. அதன்பின் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை, ஏழு. யாரும் 'மூன்றரைக் கட்டையில் பாடுகிறார்' என்று சொல்வதில்லை. ஏழரையும் கிடையாது. அந்த இரண்டு இடங்களில் கறுப்புக் கட்டை இல்லை. செகந்தராபாத் பத்மாராவ் நகரில் பாட்டு வகுப்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்குக்கூட இது தெரிந்த சங்கதி. ஆனால் அதே பிள்ளை வண்ணம் தீட்டும் தாளில் மூன்றரைக் கட்டை தைரியமாக நிற்கிறது.

ஒரு படத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். நிஜ பியானோவின் விலை லட்சங்களில். வாங்கினாலும் கோடையின் வறட்சியும் மழைக்கால ஈரமும் மாறி மாறி மரத்தைப் பதம் பார்த்துச் சுருதியைக் கலைக்கும்; அடிக்கடி சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டும். நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொடப்போகும் ஒரே பியானோ அந்த ஜெராக்ஸ் தாள்தான். கருவி கையில் இல்லாதவர்கள் காகிதக் கட்டைகளில் விரல் பழகுவது பழைய வழக்கம். படம் சரியாக இருந்தால் அந்தத் தாளிலும் பாடம் நடக்கும். தாளிலிருந்து சத்தம் வராது. பிள்ளையே வாய்விட்டுப் பாடிக்கொள்ள வேண்டும். அதனால் நஷ்டமில்லை.

செய்வதும் எளிது. பியானோவின் ஒரு வெள்ளைக் கட்டை ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர் அகலம். ஏழு சேர்ந்தால் சுமார் 16.5 சென்டிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆக, ஒரு முழு ஸ்தாயி அசல் அளவிலேயே ஒற்றைத் தாளில் அடங்கும். கடைக்காரரிடம் சுருக்காமல் எடுக்கச் சொன்னால் போதும். ஐந்து தாள்களைப் படுக்கைவாட்டில் ஒட்டினால் சுமார் 122 சென்டிமீட்டர் நீளத்தில் 88 கட்டைகளும் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிடும்.

காசு கொடுக்குமுன் அம்மா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கறுப்புக் கட்டைகளை எண்ண வேண்டும். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று வந்தால் தாளை வாங்கலாம். வராவிட்டால் வேறு படம் தேடலாம். ஊதாவா பச்சையா என்பதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.