படிப்பகத்து மேசைக்கு ஒரு பெரும் புத்தகம்

புளியறை என்றதும் எல்லைச் சோதனைச் சாவடியும், மலையேறக் காத்து நிற்கும் லாரிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டைப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. அன்று முதல் எல்லை காக்கும் ஊர் அது. லாரி நிற்கும் இடத்தில் தொழிலும் நிற்கும். புளியறையிலிருந்து செங்கோட்டை, தென்காசி வரை சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பேட்டரிக் கடை, வண்டிக்கு ஒயரிங் செய்யும் கடை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, டி.வி., மிக்சி, செல்போன் பழுது பார்க்கும் கடை. அந்தக் கடைகளில் குனிந்து வேலை செய்யும் தோழர்களைப் பற்றித்தான் இன்று நாம் எழுதுகிறோம்.

அவர்கள் கல்லூரியில் கற்றவர்கள் அல்லர். பத்தாவதோடு நின்றவர்கள், அதற்கு முன்பே நின்றவர்கள். கடைக்கார அண்ணாச்சியின் பக்கத்தில் நின்று, டீ வாங்கிவந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கிக் கற்ற தொழில். அந்தக் கைத்திறனைக் குறைத்துப் பேசுபவர்களோடு நமக்கு உறவில்லை. சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் நோயைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் காலம் மாறிவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு போர்டு, மோட்டார் சைக்கிளுக்குள் ஒரு போர்டு, வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குள்ளும் ஒரு போர்டு. அந்தப் போர்டு செத்தால் என்ன செய்வது? “போர்டை மாற்று” என்கிறான் கம்பெனிக்காரன். ஆயிரக்கணக்கில் விலை! திறந்து பார்த்தால் ஒரு கண்டன்சர் வயிறு ஊதிக் கிடக்கும். அதன் விலையோ சில ரூபாய். எந்தக் கண்டன்சர், ஏன் ஊதியது, அதன் இடத்தில் எதைப் போடலாம் என்று தெரிந்தவர் பழுது பார்ப்பவர். தெரியாதவர், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கம்பெனிக்குப் போர்டு விற்றுக் கொடுக்கும் தரகர். கூலி தொழிலாளிக்கு, கொள்ளை முதலாளிக்கு! இந்த இடத்தில்தான் படிப்பு வேண்டும் என்கிறோம்.

“படித்தால் கல்லூரியில் படிக்க வேண்டும், இந்த வயதில் நமக்கெதற்கு?” என்று கேட்கும் தோழருக்கு ஒரு கொல்லன் மகனின் கதையைச் சொல்லுவோம். மைக்கேல் பாரடே 1791இல் பிறந்தவர். தந்தை இரும்படிக்கும் தொழிலாளி, வீட்டிலே வறுமை. பதினான்காம் வயதில் இலண்டனில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் வேலை பழக விடப்பட்டார். கட்ட வந்த புத்தகங்களைக் கட்டிக் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை, பிரித்துப் படித்தார். அவற்றுள் ஒன்று ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’வின் ஒரு தொகுதி. அதில் மின்சாரம் பற்றிய நீண்ட கட்டுரை. படித்ததை நம்பிவிடாமல், கைக்காசைச் செலவழித்துக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டு தாமே மின்பொறி ஒன்று செய்து சோதித்தார். புத்தகம் ஒரு கையில், கருவி மறு கையில்! 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளாகச் சேர்ந்தார். 1831இல், காந்தத்தை அசைத்தால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று உலகுக்குக் காட்டினார்.

அந்தக் கண்டுபிடிப்பு எங்கோ இலண்டனில் இருப்பதாக எண்ண வேண்டாம். 1944இல் ஓடத் தொடங்கிய பாபநாசம் மின் நிலையத்தில் அதுதான் சுழல்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றில் தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகளில் அதுதான் சுழல்கிறது. நம் தோழர்கள் காயில் கட்டும் மோட்டாரிலும் அதே தத்துவம்தான். கணக்குப் பாடம் அதிகம் பயிலாத ஒரு பைண்டிங் தொழிலாளி கொடுத்த கொடை! மின்தடைக்கு விதி சொன்ன ஓம் யாருடைய மகன்? பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன். அந்தப் பூட்டுத் தொழிலாளி தாமே படித்துத் தேறி, தம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓமின் நூல் 1827இல் வந்தபோது பெரும்படிப்பாளிகள் பலர் அதை மதிக்கவில்லை. 1841இல் இலண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. படிப்பாளிகளுக்குச் சில விஷயங்கள் மெதுவாகத்தான் உறைக்கும் போலும்!

பாரடேவுக்குக் கிடைத்தது போன்ற பெரும் புத்தகம் இன்றைய மின்னணுத் தொழிலாளிக்கும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பால் ஹோரோவிட்ஸ், வின்பீல்டு ஹில் இருவரும் எழுதிய ‘தி ஆர்ட் ஆப் எலக்ட்ரானிக்ஸ்’ 1980இல் வந்தது. 2015இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆயிரத்து இருநூறு பக்கங்களைத் தாண்டியது. தலையணை என்று கேலி செய்யலாம். ஆனால் மின்தடையில் தொடங்கி டிரான்சிஸ்டர், பவர் சப்ளை, கணினிச் சில்லு வரை ஒரே இடத்தில் இருக்கிறது. முந்தைய பதிப்புகளில் அத்தியாய முடிவில் ஒரு வேடிக்கை வைத்தார்கள்: ‘கெட்ட சுற்றுகள்’ என்று தலைப்பிட்டு, வேலை செய்யாத சுற்றுப் படங்களைத் தந்து, ஏன் வேலை செய்யாது என்று நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டார்கள். பழுது பார்க்கும் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

படிப்பதால் கையில் என்ன கிடைக்கும்? ஒரே ஓர் உதாரணம். ஆட்டோவில் அலங்காரத்துக்குச் சிவப்பு எல்.இ.டி. மாட்டுகிறார்கள், சில வாரத்தில் புகைந்து போகிறது. “மட்டமான சரக்கு” என்று வேறொன்று மாட்டுகிறார்கள். அதுவும் போகிறது. கணக்கைப் பாருங்கள். பேட்டரி 12 வோல்ட். எல்.இ.டி. தனக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். மிச்சம் 10. அதற்கு 20 மில்லி ஆம்பியர் போதும். பத்தை 0.02ஆல் வகுத்தால் 500 ஓம். கடையில் பக்கத்து அளவு 470. அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கும்! அப்போது மிச்சம் 12. மின்னோட்டம் 25 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். எல்.இ.டி.யும் சுடும், கால் வாட் ரெசிஸ்டரும் சுடும். 680 ஓம் போட்டால் 18க்குள் நிற்கும். நீலம், சாம்பல், பழுப்பு வளையம் போட்டது. இரண்டு வகுத்தல், ஒரு கழித்தல். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வண்டி ஓடும்போது என்ன ஆகும் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் புத்தகத்தின் வேலை.

புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்பீர்கள். நியாயம்தான். தமிழில் சிறு சிறு தொழில் நூல்கள் உண்டு. நாம் கேட்பது அடி முதல் நுனி வரை சொல்லும் ஆயிரம் பக்க நூல். முடியாத காரியமா? பெரியசாமி தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழில் வந்தது. 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் மருத்துவப் பாட நூல்கள் தமிழில் வெளியிடப்பட்டன. உடலை அறுத்துப் பார்க்கும் கலைக்குத் தமிழ் போதுமென்றால், ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் கலைக்குப் போதாதா? அண்ணா பல்கலைக் கழகத்தில் 2010இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் வந்தன, மின்னணுவியல் வரவில்லை. பாடநூல் கழகம் அந்தக் குறையைப் புத்தகத்தால் தீர்க்கலாம். ஆனால் ஒன்று: கடையில் வழங்கும் சொல்லை ஒதுக்கிவிடாதீர்கள். மின்தேக்கி என்று எழுதுங்கள், பக்கத்திலேயே கண்டன்சர் என்றும் எழுதுங்கள். கலைச்சொல் சண்டையில் புத்தகம் பத்தாண்டு தூங்க வேண்டாம்.

அது வரும்வரை கை கட்டி இருக்க வேண்டியதில்லை. நம் படிப்பகங்கள் எப்படி வளர்ந்தன? எழுத்தறிந்த ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், எழுத்தறியாதவர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள், பிறகு விவாதம். அதே முறை இதற்கும் பொருந்தும். ஊரில் கல்லூரி மாணவத் தம்பி ஒருவன் இருப்பான். அவன் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லட்டும். மெக்கானிக் தோழர் ஈயம் வைத்துப் பற்ற வைக்கட்டும். தம்பிக்குச் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாது, தோழருக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டும் தீரும். சுற்றுப் படத்துக்கோ மொழியே இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இல் மென்பொருள் அலுவலகம் வந்தபோது, கிராமத்திலா என்று வியந்தவர்கள் உண்டு. கிராமத்தில் மென்பொருள் எழுதலாம் என்றால், கிராமத்தில் போர்டும் படிக்கலாம்.

செலவு? ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், ஈயம், எடைக்கு வாங்கிய பழைய போர்டுகள், ஒரு புத்தகம். விலை கூடிய புத்தகத்தை நூலகத்திலே கேளுங்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் கட்டுகிறோம், கேட்பது பிச்சையல்ல. கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நூலகருக்கு எழுத்தில் கொடுங்கள்.

மேசை போட்டதும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். முதல் சில மாதங்களுக்கு வீட்டு மின்சாரத்தைத் தொடக்கூடாது, பேட்டரி மட்டும். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கும் போர்டுகளில் பெரிய கண்டன்சர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அடிக்கும். புளியறைப் பக்கம் சாரல் மாதங்களில் தரையும் ஈரம், கையும் ஈரம். காலில் ரப்பர்ச் செருப்பும், காலுக்குக் கீழே உலர்ந்த பலகையும் இல்லாமல் யாரையும் அந்த மேசைக்குப் பக்கத்தில் விடாதீர்கள், தோழர்களே.